வியாழக்கிழமை வண்டி

பெஞ்சமின் எதிர்க்கட்சிக்காரர் என்று சொன்னால் வேலங்கழியில் சிரிப்பார்கள். அந்த மனுஷன் எந்தக் காலத்தில் ஆளுங்கட்சியாக இருந்தார்? அவர் கட்சி கோட்டையில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் அவர் நின்ற தேர்தலில் எல்லாம் மண்ணைக் கவ்வினார். ஒருவழியாக ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தார். அதற்குள் கட்சி கோட்டையை விட்டு இறங்கிவிட்டது. "உன் ஜாதகம் அப்படிய்யா" என்பாள் அவர் மனைவி லீமா. "கோயிலுக்கு மெழுகுவத்தி ஏத்தறவளுக்கு ஏதுடி ஜாதகம்?" என்று இவர் கேட்பார். "பாத்தியா? வீட்லயும் எதிர்க்கட்சிதான்" என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பிப் போடுவாள்.

கவுன்சிலர் என்றதும் கார், கூட நாலு ஆள், கழுத்தில் சங்கிலி என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். அவரிடம் இருப்பது ஒரு குட்டியானை வண்டி. அளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் கொட்டகையில் கொண்டுபோய் இறக்குவது பிழைப்பு. உப்பு தின்று வண்டியின் அடித்தட்டு பொத்தல் விழுந்துவிட்டது. அதே உப்புதான் தன் முட்டியையும் தின்றுவிட்டது என்று அவர் சொல்லிக்கொள்வார். டாக்டர் அதை வயசு என்றார். ஒன்றியக் கூட்டம் நடக்கிற நாளில் மூட்டையை இறக்கிவிட்டு, வண்டிக்குள்ளேயே வெள்ளைச் சட்டைக்கு மாறி, சேர்மன் காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போவார். சேர்மன் அப்பாதுரை ஆளுங்கட்சி. ஆனாலும் சிரித்துப் பேசத் தெரிந்த ஆள். "நம்ம பெஞ்சமின் வண்டி பக்கத்துல நின்னா என் காருக்குத் திருஷ்டியே படாதுப்பா" என்பார்.

இத்தனை வருஷத்தில் பெஞ்சமின் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். வேலங்கழிக்கு எப்போது நெட் வரும்? பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு வரவேண்டிய ஒயர் மெயின் ரோடு வரைக்கும் வந்து, அங்கேயே சுருண்டு கிடந்தது. கரண்ட் இருந்தால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான் அதனால் ஆன பிரயோஜனம். டவரை நம்பலாம் என்றால், ஒரு பக்கம் கழுவெளிச் சதுப்பு, ஒரு பக்கம் உப்பளம், நடுவில் ஊர். போனில் ஒரு கோடு வரும், எடுத்துக் காதில் வைப்பதற்குள் போய்விடும்.

போனில் பேச முடியாமல் போனால் போகட்டும், யாருக்கு நஷ்டம். ஆனால் இப்போது எல்லாமே நெட்டில்தானே இருக்கிறது? முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும்போது உப்புத் தொழிலாளிக்குக் கிடைக்கிற நிவாரணம், எதற்கும் கைரேகை வைக்க வேண்டும், அந்த ரேகை எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய் "ஆமாம், இவள் இவள்தான்" என்று பதில் வர வேண்டும். பெஞ்சமின் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்பார். "நடவடிக்கையில் உள்ளது" என்று பதில் வரும். உட்காருவார். நெட்டு பெஞ்சமின் என்றே ஒன்றிய ஆபீஸில் பெயர் வைத்துவிட்டார்கள். பியூன்கூட அப்படித்தான் கூப்பிடுவான்.

கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் ஜனங்கள் வயிறு நிறையுமா? அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் வியாழக்கிழமை வண்டி.

ஊருக்கான இ-சேவை வேலையைப் பார்க்கிறவள் மெர்லின். பக்கத்துத் தெருப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள், பெஞ்சமினை சித்தப்பா என்பாள். லேப்டாப்பும் ரேகை மெஷினும் அவள் பொறுப்பு. "ஏம்மா, இங்க சுவத்தப் பாத்துகினு உக்காந்திருக்கறதுக்கு, மெஷினைத் தூக்கிகினு கூனிமேட்டுக்குப் போனா இன்னா? அங்க சிக்னல் பிச்சிகினு வருது" என்று ஒருநாள் கேட்டார். அப்படித்தான் தொடங்கியது. வியாழக்கிழமை காலையில் மாதா சிலை இருக்கிற கெபி பக்கத்தில் குட்டியானை நிற்கும். பின்னால் தார்ப்பாய் விரித்து ஜனங்கள் உட்காருவார்கள். முன் சீட்டில் மெர்லின் மெஷின் பையை மடியில் வைத்துக்கொள்வாள். கூனிமேட்டில் ஜாபர் பாய் தன் சைக்கிள் கடை வாசலில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். வாடகை கேட்டதற்கு, "இன்ஷா அல்லா, உங்க ஊருக்கு நெட்டு வர்ற அன்னிக்கு பிரியாணி போட்டுடுங்க" என்றார்.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. உப்புத் தண்ணீரில் நின்று உப்பு வாரும் பலகை இழுக்கிற கைக்கு ரேகை ஏது? தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். மெஷின் மேல் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். பெண்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். புதன்கிழமை அளத்தில் இறங்குவதில்லை. விடியலிலிருந்து விரலில் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி ஊறவிடுவார்கள். ஒருநாள் முழுக்க உப்பு படாமல் இருந்தால் தோல் கொஞ்சம் மேலே எழும்பி, மறுநாள் ரேகை பிடிபடும். எல்லாருக்கும் இல்லை, பாதிப் பேருக்கு. புதன்கிழமைக் கூலியும் போச்சு, வியாழக்கிழமைக் கூலியும் போச்சு. ஆனாலும் வேலை நடந்ததே! பெஞ்சமினுக்கு அதில் ரொம்பப் பெருமை. தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன ஆவணி மாதக் கூட்டத்தில் வழக்கம்போல எழுந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். புதிதாக வந்திருந்த பிடிஓ அம்மா, வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க வேலங்கழிதானே? இந்த ஒன்றியத்துலயே உங்க ஊர்லதான் நெட் சேவை நல்லா ஓடுது. உங்க ஊர் ஐடியில மாசா மாசம் அவ்ளோ பதிவு ஏறுது. மத்த ஊர்ல அதுல கால்வாசி இல்ல. நான் கலெக்டர் மீட்டிங்ல உங்க ஊரைத்தான் உதாரணமா சொன்னேன்."

அப்பாதுரை முதலில் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பெஞ்சமின் நின்றுகொண்டே இருந்தார். அவருக்குச் சட்டென்று புரிந்தது, அந்தக் கைதட்டல் நடுவிலேயே. ஏறினதெல்லாம் ஜாபர் பாய் கடை வாசலில் ஏறினது. ஆனால் ஏறினது வேலங்கழி பெயரில். வாராவாரம் தன் வண்டியில், தன் டீசலில், கேள்வியைத் தானே கொன்றுகொண்டிருந்திருக்கிறார்.

பிடிஓ அம்மா சாதாரணமாக மேலே சொன்னார். நெட் வேலை செய்யாத ஊர்களுக்கு மட்டும் இந்தத் தடவை புது ஒயர் இழுக்கிறார்கள். வேலங்கழி அதில் இல்லை. ஆட்சேபனை இருந்தால் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம். அதற்குப் பிறகு எல்லாம் ஜில்லாவுக்குப் போய்விடும், மாற்ற முடியாது.

உண்மையைச் சொன்னால் முடிந்தது என்று உங்களுக்குத் தோன்றும். பெஞ்சமினுக்கும் தோன்றியது, பாதி வழி வண்டி ஓட்டுகிற வரைக்கும். மெஷின் பஞ்சாயத்துக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். வேறு ஜில்லாவில் ஒரு பையன் மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போனான் என்று அவன் ஐடியை ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டார்கள், கேஸ் வேறு. இங்கே ஐடி மெர்லின் பெயரில். தூக்கிப் போகச் சொன்னவர் கவுன்சிலர், தூக்கிப் போனவள் மெர்லின். அதிகாரிகள் யாரைப் பிடிப்பார்கள்? "நீங்களே ஊருக்கு வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லலாமா என்று யோசித்தார். வந்ததும் முதல் கேள்வி அவளைத்தான் கேட்பார்கள். எப்படிச் சுற்றினாலும் அந்தப் பெண் தலையில்தான் வந்து விழுந்தது.

ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மெர்லின் வீட்டுக்கே போனார். அவள் அப்பாவுக்கு அளத்தில் நின்று நின்று பாதம் வெடித்துப் போனதில் வேலைக்குப் போய் வருஷமாகிறது. அவள் வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து ரேகை மெஷின் கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சமின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "நீ இன்னா சொல்றியோ அதாம்மா. சொல்லட்டுமா, வேணாமா?" என்றார்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "சொல்லிடுங்க சித்தப்பா."

"உன் ஐடி போய்டும். வேலை போய்டும்."

"போவட்டும்." மெஷினைக் கீழே வைத்தாள். "போன மாசம் தனகோடி அக்கா ஜாபர் பாய் கடை வாசல்ல மயங்கி வுழுந்தாங்களே, ஞாபகம் இருக்குதா? புதன்கெழம கூலி இல்ல, வியாழக்கெழம கூலி இல்ல, ரேகையும் வுழல. தண்ணி தெளிச்சு எழுப்பனா, எழுந்ததும் எங்கிட்ட இன்னா கேட்டாங்க தெரியுமா? 'இன்னொரு வாரம் எண்ண தடவிகினு வரட்டுமா கண்ணு'ன்னாங்க. எனுக்கு நெஞ்சே வெடிச்சிடுச்சு. ஊர்லயே நெட்டு இருந்தா, வேலைக்குப் போய்ட்டு வந்து சாயங்காலம் ஒருவாட்டி வெச்சுப் பாப்பாங்க. இன்னிக்கி வுழலன்னா நாளைக்கி. எதுக்குக் கூலிய வுடணும்? எதுக்கு மயக்கம் போட்டு வுழணும்?"

"நல்லா யோசிச்சுக்க மெர்லினு."

"நீங்க இப்பதான் யோசிக்கிறீங்க. நான் ரெண்டு வருசமா அந்தப் பையை மடியில வெச்சிகினு யோசிக்கிறேன். பாண்டில எதுனா ஜவுளிக்கடையில பில்லு போட்டுப் பொழச்சிக்கறேன். எங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க சொல்லிடுங்க."

பெஞ்சமினுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டார். ஆனால் வீட்டில் லீமா விடவில்லை.

"அந்தப் பொண்ணு பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு ஊருக்கு ஒயர் இழுக்கப் போறியா?"

"அதுவே சொல்லச் சொல்லுதுடி."

"சின்ன பொண்ணு, சொல்லும். ஒயர் இழுக்கறேன்னு இழுக்காம போய்ட்டாங்கன்னா? இருக்கற மெஷினும் போச்சு, அதோட சோறும் போச்சு. நாளைக்கி அவ அப்பா மூஞ்சில எப்படி முழிப்ப?"

அரசாங்கம் சொன்னதைச் செய்யும் என்று நம்புவதற்கு அவருடைய இத்தனை வருஷத்து அனுபவத்தில் ஒரு காரணமும் இல்லையே! மூட்டை ஏற்றும்போது சொல்லிவிடலாம் என்று இருக்கும். இறக்கும்போது வேண்டாம் என்று இருக்கும். மனுஷன் அந்த மாசத்தில் இளைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது. கேள்வி கேட்பது ஒரு சுமை என்றால், பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சுமை.

புரட்டாசிக் கூட்டம் வந்தது. மழைக்கு முந்தின புழுக்கம், தலைக்கு மேல் ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முறை வந்ததும் அப்பாதுரை தானே மைக்கை நகர்த்தி வைத்தார். "சொல்லுப்பா பெஞ்சமின். நீ பேசலன்னா எங்களுக்குக் கூட்டம் நடந்த மாதிரியே இல்ல."

எழுந்தார். "வேலங்கழி விஷயமா..." என்று ஆரம்பித்தார். பிடிஓ அம்மா பேனாவைத் திறந்தார். அது எழுதப் போகிற முதல் பெயர் மெர்லின். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"வேலங்கழி மாதா கெபி பக்கத்துல தெருவிளக்கு எரியலைங்க" என்றார்.

ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஏளனச் சிரிப்பு இல்லை, நிம்மதிச் சிரிப்பு. அப்பாதுரை மேஜையைத் தட்டி, "இவ்ளோதானே? இன்னிக்கே உத்தரவு. இந்த வாரத்துல எரியலன்னா என்னைக் கேளு" என்றார். "அப்ப நெட் விஷயத்துல ஆட்சேபனை இல்லையே சார்? திருப்திதானே?" என்று பிடிஓ அம்மா கேட்டார். பெஞ்சமின் தலையை ஆட்டினார். உறுப்பினர் திருப்தி தெரிவித்தார் என்று எழுதிக்கொண்டார்கள். கவுன்சிலராகி அவர் கேட்ட ஒன்று கேட்ட உடனே கிடைத்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் இருந்த கவுன்சிலர் கை கொடுத்தார், இவரும் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பி மெர்லின் கண்ணில் படாமல் இருந்தார். அவள் வீட்டுப் பக்கமே வண்டியை விடவில்லை, பின் ரோட்டில் சுற்றிப் போனார். மறுநாளே லைன்மேன் வந்து கெபி பக்கத்தில் புது விளக்கு மாட்டிவிட்டுப் போனான். ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு கெபிக்குப் போனார். ஜனமே இல்லை. மெர்லின் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், தலை பின்னிப் பூ வைத்து, நல்ல சுடிதாரில். தோளில் மெஷின் பை இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சர்டிபிகேட்.

"எங்கம்மா யாரையும் காணோம்?"

"நான்தான் சொல்லிட்டேன் சித்தப்பா. இனிமே யாரும் புதன்கெழம எண்ண தடவிகினு உக்காராதீங்க, வேலைக்குப் போங்க, பெஞ்சமின் சித்தப்பா கூட்டத்துல சொல்லிட்டாரு, ஆபீசருங்க வருவாங்க, நெட்டு வரும்னு. எல்லாரும் சந்தோசமா அளத்துக்குப் போய்ட்டாங்க. என்னை கூனிமேட்டுல பஸ் ஏத்தி வுட்ருங்க. பாண்டில ஒரு கடையில வரச் சொல்லியிருக்காங்க."

பெஞ்சமின் இன்ஜினை அணைத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, அவளைப் பார்க்காமல், "சொல்லலம்மா" என்றார்.

"இன்னா?"

"உன் பொழப்பு போய்டும்னு... வாய் வரலம்மா. தெருவிளக்கு கேட்டுட்டு வந்துட்டேன்."

அவள் முதலில் நம்பவில்லை. அண்ணாந்து புது விளக்கைப் பார்த்தாள். பிறகுதான் முகம் மாறியது. நன்றி சொல்வாள், அழுவாள் என்று எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார் மனுஷன். உள்ளுக்குள் ஒரு மூலையில், இந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்ற எண்ணம்கூட இருந்தது.

"எங்கிட்ட கேட்டீங்களே சித்தப்பா?" என்றாள். "வீடு தேடி வந்து கேட்டீங்க. நான் பதில் சொன்னேன். அப்பறம் எதுக்குக் கேட்டீங்க? நீங்களே முடிவு பண்ணிக்கறதா இருந்தா என்னை எதுக்குக் கேக்கணும்? இனிமே நான் இன்னா பண்ணணும்? செத்துப்போற வரைக்கும் அந்தப் பையைத் தூக்கிகினு கூனிமேட்டுக்கு ஓடணுமா?"

"அடுத்த கூட்டத்துல..."

"அதான் ஜில்லாவுக்குப் போய்டுச்சே!"

அவர் வாயை மூடிக்கொண்டார். அதிகாரிகள் தன் முன்னால் எத்தனையோ தடவை இப்படி மூடிக்கொண்டதை அவர் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் எவ்வளவு கோபம் வரும்!

மெர்லின் பஸ்ஸுக்குப் போகவில்லை. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். ரெண்டடி நடந்து நின்று, "அவங்க எல்லாம் அளத்துல இருக்காங்க. நான் போய் சொல்ல மாட்டேன். நீங்களே போய் சொல்லுங்க" என்றாள்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். வரப்பு வழுக்கியது, முட்டி வலித்தது. வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. தூரத்திலேயே தனகோடி பார்த்துவிட்டாள். பலகையை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட இருந்த பெண்களிடம் ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த முகங்களில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

"வாங்க தலைவரே! மெர்லினு சொல்லிச்சு. ஒருவழியா அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்களாமே! ரேஷன் கார்டுல புள்ளைங்க பேரெல்லாம் சேக்கணும் தலைவரே, எனுக்குதான் மொதல்ல, ஆமா!"

பெஞ்சமின் வரப்பில் நின்றார். பொய் சொல்லிவிடலாம், அது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் அவருக்கு அலுத்துவிட்டது.

"நான் சொல்லல தனகோடி. எழுந்து நின்னேன், சொல்லாம உக்காந்துட்டேன். ஒயர் இழுக்கற லிஸ்டுல நம்ம ஊரு பேரு இல்லாம போச்சு. தப்பு என்மேலதான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனகோடி திட்டுவாள் என்று நினைத்தார். அவள் வாய்க்கு அளத்தில் எல்லாரும் பயப்படுவார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கோபப்படக்கூட இல்லை. அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போக எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து பலகையைப் பிடித்தாள்.

"சரி வுடுங்க. இதுவரைக்கும் யாருதான் எங்களுக்காகச் சொன்னாங்க, நீங்க சொல்றதுக்கு" என்று சொல்லிவிட்டு உப்பை இழுக்க ஆரம்பித்தாள்.